இன்னொரு தடவை ஓடி வாங்க

1

இந்தக் கதை என் முகத்தால் வந்தது. சிரிக்காதீர்கள், நடந்தது அதுதான்.

என் புத்தகங்களின் பின்னட்டையில் பன்னிரண்டு வருடங்களாக ஒரே படம். போன மாதம் ஒரு வாசகர் கூட்டத்தில் ஒரு அம்மா புத்தகத்தைத் திருப்பிக் காட்டி, "இந்தத் தம்பி வரலையா? நீங்க அவரோட அப்பாவா?" என்று கேட்டார். மறுநாளே பதிப்பாளர் என்னை ஒரு ஸ்டூடியோவுக்கு அனுப்பிவைத்தார்.

மருந்துக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடி. உயரமான ஒரு ஸ்டூலில் என்னை உட்காரவைத்து, ஸ்டூடியோ அக்கா என் முகவாயைத் திருத்தினார்.

"கொஞ்சம் இறக்குங்க சார். இன்னும். அய்யோ, அவ்வளவு இறக்கினா கழுத்தே காணாமப் போயிடும்."

ஸ்டூலுக்கு நேர் எதிர்ச் சுவரில் பெரிதாக ஒரு படம் மாட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நொடியில் அவர் பொத்தானை அமுக்கிவிட்டார்.

"குழந்தைங்களுக்குப் பொம்மை காட்டுவாங்க. நான் பெரியவங்களுக்கு இதக் காட்டுறேன். இதுவரைக்கும் சிரிக்காதவங்க கிடையாது."

அந்தப் படத்தில் என்ன இருந்தது என்பதை இப்போது சொல்ல மாட்டேன். எழுதுகிறவனிடம் ஒளித்துவைக்க இருப்பது அவ்வளவுதான். அதையும் முதல் பக்கத்திலேயே கொட்டிவிட்டால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.

படத்தின் கதையைக் கேட்டேன். சொன்னார். முடித்துவிட்டு ஒன்று சொன்னார்: "இதுல ஒரே ஒரு இடம் எனக்கே தெரியாது சார். அந்த இடத்துல நீங்களா எதையாச்சும் போட்டு நிரப்பிடாதீங்க."

சரியென்று தலையை ஆட்டினேன்.

"ஆட்டாதீங்க, இன்னொண்ணு எடுத்துக்கிறேன்" என்றார்.

2

எழுத உட்காரும்முன் ஒரு நிமிடம் கண்ணை மூடிக் கும்பிடுவது என் வழக்கம். அன்றும் கும்பிட்டேன். பிறகு எழுதிய முதல் வரி இது:

"விடியலின் பொன்னொளி பூங்காவின் மரங்களுக்கிடையே வழிந்து"

வழியவில்லை. அன்று மேகமூட்டம். படம் எடுப்பவர்களுக்கு அதுதான் பிடிக்குமாம், முகத்தில் நிழல் விழாது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "ஒரு சிறுநீரகத்தால் இரண்டு ஆண்கள் பதினான்கு மாதம் பேசிக்கொள்ளவில்லை." சுருக்கென்று இருந்தது. ஆனால் பொய். சிறுநீரகத்தால் இல்லை, சீட்டாட்டத்தால்.

மூன்றாவது: "அக்கா அந்தச் சின்னக் கதவைத் திறந்தார். உள்ளே ஒன்றும் இல்லை." இந்த வரியை இரண்டு நாள் விடாமல் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் உறைத்தது: உங்களுக்கு அக்காவையே இன்னும் சரியாகத் தெரியாது. எந்தக் கதவு, யார் வீட்டுக் கதவு என்று நீங்கள் தேடிக்கொண்டிருப்பீர்கள். கதவைப் பிறகு திறப்போம். முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன்.

3

ஸ்டூடியோவின் முன்னறையில் அக்கா படம் எடுப்பார். பின்னறையில் அவர் கணவர் அந்தப் படங்களுக்கு மரச்சட்டம் போடுவார். நடுவில் ஒரு திரை. திரைக்கு இந்தப் பக்கமிருந்து அக்கா, "எட்டுக்குப் பத்து, கறுப்புச் சட்டம்" என்பார். அந்தப் பக்கமிருந்து, "கறுப்பு எடுபடாது, பழுப்புதான்" என்று பதில் வரும். எதையும் மறுக்காமல் அந்த மனிதர் ஒப்புக்கொண்டதாகச் சரித்திரம் கிடையாது.

அவருக்கு ஏற்ற ஜோடி அக்காவின் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். ஞாயிறு மதியம் ஆனால் சட்டம் போடும் மேசையைத் துடைத்துவிட்டு இரண்டு பேரும் ரம்மி ஆடுவார்கள். ஆடினார்கள் என்பதைவிட, சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள் என்பது சரி. ஒருவர் மழை வரும் என்றால் மற்றவர் குடையை மடக்கி மூலையில் வைப்பார். "என் வீட்டு ரேடியோ" என்று அக்கா அதற்குப் பெயர் வைத்திருந்தார். அது ஓடிக்கொண்டிருந்தால்தான் அவருக்கு ஞாயிறு.

பிறகு கணவருக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் ஓய்ந்தன. மூன்று வருடம் டயாலிசிஸ். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம், மருத்துவமனையின் ஏழாம் நாற்காலி. தம்பியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு ஞாயிறு, சீட்டைக் கலைத்துக்கொண்டே அவராகத்தான் சொன்னார்:

"எனக்கு ரெண்டு இருக்கு அத்தான். ஒண்ண நீங்க வச்சுக்கோங்க. சரி, போடுங்க சீட்ட."

அறுவை நல்லபடி முடிந்தது. கணவருக்கு முகம் தெளிந்தது, பசி எடுத்தது. ஆனால் வீட்டுக்கு வந்தவர் வேறு ஆள். "நீ சொன்னா சரிதான் மச்சான்." மழை வருமா? "நீ சொன்னா வரும் மச்சான்." இரண்டு மாதம் கழித்து முதன்முறையாக ரம்மிக்கு உட்கார்ந்தார்கள். மூன்று ஆட்டம் தொடர்ந்து தோற்றார். நாலாவது ஆட்டத்தில் தம்பிக்குச் சந்தேகம் வந்து, அவர் கவிழ்த்து வைத்த சீட்டுகளைத் திருப்பிப் பார்த்தார். பதிமூன்றும் சேர்ந்திருந்தன. ஜெயித்த கை.

"என்ன அத்தான் இது?"

"விடு மச்சான். நீ ஜெயிச்சா எனக்குச் சந்தோஷம்தானே."

தம்பி எழுந்துவிட்டார். "நான் கிட்னியத்தான் குடுத்தேன். உங்க முதுகெலும்ப எடுத்துக்கல. இப்படித் தலையாட்டுற ஆளுக்கா குடுத்தேன்? என் அத்தான் எங்க? அவர் வந்தப்புறம் கூப்பிடுங்க, வரேன்."

போய்விட்டார். அக்கா திரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கணவர் சீட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே சொன்னார்: "உயிரக் குடுத்தவன்கிட்ட எப்படிம்மா சண்டை போடுறது?"

கணவருக்குச் சண்டை போடத் தெரியவில்லை. தம்பிக்குப் பொறுக்கவில்லை. அப்படியே பதினான்கு மாதம். ஸ்டூடியோ இருக்கும் கட்டடத்து லிஃப்டைப் பார்க்கத் தம்பி மாதம் ஒருமுறை வருவார். வாசலில் நின்று அக்காவுக்குக் கையாட்டுவார். திரைக்குப் பின்னால் கண்ணாடி வெட்டும் சத்தம் நின்றுபோகும். தம்பி படியிறங்கிய பிறகுதான் மறுபடி கேட்கும்.

அக்காவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்த ரேடியோ திரும்ப ஓட வேண்டும்.

4

(இந்த இடத்தில் நான்கு பக்கங்கள் இருந்தன. எடுத்துவிட்டேன். ஏன் என்று சொல்லிவிடுவதுதான் நியாயம்.)

தம்பியை நான் முதலில் கொஞ்சம் கர்வக்காரராக எழுதியிருந்தேன். கொடுத்ததைச் சொல்லிக்காட்டுகிறவர், மார்பை நிமிர்த்தி நடக்கிறவர். அக்காவுக்குப் போன் போட்டு வாசித்துக் காட்டினேன்.

"சார், அவன் அப்படி இல்ல."

"கதைக்கு ஒரு முரண் வேணும்மா."

"வேணும்னா உங்க வீட்டுலேர்ந்து எடுத்துக்கோங்க."

 பிறகு அவர் சொன்னார். அறுவைக்குப் பிறகு தம்பிக்கு மூன்று நாள் கடும் காய்ச்சல். பக்கத்து அறையில் இருந்த அத்தானுக்கு அது தெரியக்கூடாது என்று நர்ஸிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். தெரிந்தால் அந்த மனிதர் குற்ற உணர்ச்சியில் மாத்திரை விழுங்க மாட்டார் என்று. அக்காவுக்கே அது ஒரு வருடம் கழித்துத்தான் தெரியும்.

ஒருவரைக் கெட்டவராக்க எனக்கு அரைமணி நேரம் போதுமாக இருந்தது. ஆண்டவன் மன்னிக்கட்டும். அந்தப் பக்கங்களில் ஒரே ஒரு அரைவரி மட்டும் மேசையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது: "தம்பியின் கண்களில் ஒரு". அதை முடிக்கப்போவதில்லை. அவர் கண்களில் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

5

இனி ஓட்டம்.

டயாலிசிஸ் பிரிவுக்கு இன்னொரு இயந்திரம் வாங்க நிதி திரட்டும் ஓட்டம் அது. மூன்று கிலோமீட்டர். ஓடலாம், நடக்கலாம், வேடம் போட்டு வரலாம், பரிசு கிடையாது. பூங்காவைச் சுற்றி, மருத்துவமனைத் தெரு வழியாகப் போய், தபால் நிலைய வளைவில் திரும்பினால் கடைசி நூறு மீட்டர்.

அந்த ஓட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஓடுகிற ஒவ்வொருவருக்கும் மார்பில் குத்திக்கொள்ள ஒரு நம்பர் துணி தருவார்கள். நம்பருக்குக் கீழே, நாற்காலியைவிட்டு எழுந்து வர முடியாத நோயாளி ஒருவர் தன் கையால் ஒரு வரி எழுதியிருப்பார். அவருக்காக இவர் ஓட வேண்டும். எல்லைக்கோட்டைத் தாண்டும்போது எடுக்கிற படத்தை அன்று மதியமே கொண்டுபோய் அவர் கையில் கொடுக்க வேண்டும். "மெதுவா ஓடு, எனக்கு அவசரமில்ல" என்று ஒருவர் எழுதியிருந்தார். "எனக்கும் சேத்து வியர்வை சிந்தவும்" என்று இன்னொருவர்.*

அக்காவின் கணவருக்கு நாற்பத்தொன்றாம் நம்பர். டாக்டர் நடக்க மட்டும் அனுமதித்திருந்தார். அவர் துணியில் எழுதியவர், இப்போது ஏழாம் நாற்காலியில் இருக்கும் கணக்கு வாத்தியார். எழுதியிருந்தது இது: "நாற்காலியை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் திரும்பி வர வேண்டாம்."

தம்பிக்கு நூற்று எண்பத்தேழு. இரண்டு பேரும் தனித்தனியாகப் பெயர் கொடுத்திருந்தார்கள். ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள், பட்டியல் எழுதிய டயாலிசிஸ் வார்டின் தலைமை நர்ஸ், பெரிய சிஸ்டர். அவர் அக்காவிடம் சொல்லிவிட்டு, "நான் எதுவும் சொல்லல" என்று சேர்த்துக்கொண்டார்.

அக்கா எல்லைக்கோட்டில் இடம் பிடித்தார். தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அதில் பெரிய சிஸ்டரை நிறுத்தி, கேமராவின் பார்வையை அந்தக் கோட்டில் பூட்டிக்கொண்டார். அந்தக் கோட்டை மிதிக்கும் ஒவ்வொரு முகமும் தெளிவாக விழும். முன்னால் பின்னால் திருகிக்கொண்டிருக்க வேண்டாம். இருபத்திரண்டு வருட வேலை, கை தன்னால் செய்தது. மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துக்கொண்டார். கேமராவில் கண் வைப்பவருக்கு அது இடைஞ்சல்.

கேமரா முந்தின நாள்தான் சர்வீஸிலிருந்து வந்திருந்தது. இதை மறந்துவிடாதீர்கள்.

* இந்த வரிகளை நான் கற்பனை செய்யவில்லை. இவ்வளவு நன்றாக எனக்கு வராது.

6

முதலில் ஓடி வந்தவர்கள் கல்லூரிப் பிள்ளைகள். பிறகு தபால்காரர்கள் கூட்டமாக. பிறகு ஒரு பல் டாக்டர், தன் நோயாளியோடு பேசிக்கொண்டே. பிறகு எல்லாரும் கைதட்டினார்கள்: சோபா தைப்பவர் வந்துகொண்டிருந்தார். அவர் தன் கடைத் துணியிலேயே தைத்த ஆளுயரச் சிறுநீரகம் ஒன்றுக்குள் இருந்தார். மெரூன் நிறம், உள்ளே பஞ்சு, முகத்துக்கும் காலுக்கும் மட்டும் ஓட்டை. கோட்டைத் தாண்டியதும் புல்லில் விழுந்தார். எழ முடியவில்லை. "இருக்கட்டும், இங்கேயே நல்லாருக்கு" என்றார்.

அக்கா எடுத்தார், எடுத்தார், எடுத்தார். ஒவ்வொன்றும் கேமராவின் பின்திரையில் ஒரு நொடி பளிச்சென்று வந்து மறைந்தது. திரையின் மூலையில் சின்னதாக ஏதோ எழுத்து மின்னிக்கொண்டிருந்தது. கண்ணாடி தலைமேல்.

தம்பி வேகமாக ஓடக்கூடியவர். முதல் இருபதுக்குள் வந்திருக்க வேண்டும். வரவில்லை. முக்கால் மணி நேரம் ஆயிற்று. அக்கா ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் வளைவை எட்டிப் பார்த்தார்.

வளைவில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தவர் பிற்பாடு சொன்னது இது: "அந்த ஆள் ஓடி வந்தாருங்க. என் மேசைகிட்ட வந்து நின்னாரு. பின்னாடி திரும்பிப் பார்த்தாரு. அப்புறம் கீழ உக்காந்து ஷூ கயிறு கட்ட ஆரம்பிச்சாரு. அரைமணி நேரம் கட்டினாரு. அவ்வளவு நேரம் கட்ட அதுல எத்தனை கயிறு இருந்துச்சுன்னு எனக்குத் தெரியல."

கடைசியில் அத்தான் நடந்து வந்திருக்கிறார். நின்றிருக்கிறார். ஒன்றும் பேசாமல் கையை நீட்டியிருக்கிறார். தம்பி அந்தக் கையைப் பிடித்து எழுந்திருக்கிறார். எழுந்த பிறகு விட வேண்டும் இல்லையா? விடவில்லை.

அக்கா கேமரா வழியாகப் பார்த்தபோது நாற்பத்தொன்றும் நூற்று எண்பத்தேழும் பக்கத்தில் பக்கத்தில். நடுவில் கோத்த கை. இருவர் வாயும் இறுகி மூடியிருந்தது, ஆனால் கை கோத்திருந்தது. சாக்பீஸ் கோட்டில் கால் பட்டதும் அக்கா அமுக்கினார். ஏழெட்டு தடவை. கண் நிறைந்துவிட்டது, நிறைந்த கண்ணோடு அமுக்கினார். கோட்டைத் தாண்டியதும் இருவரும் கையை விட்டுவிட்டு, கூச்சத்தோடு ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள்.

இத்தனை பேரை எடுத்ததில் மெமரி கார்டு நிறைந்திருக்கும், கடைசி ஆட்கள் வருவதற்குள் மாற்றிவிடலாம் என்று அக்கா கேமராவின் பக்கவாட்டில் இருந்த சின்னக் கதவைத் திறந்தார்.

உள்ளே ஒன்றும் இல்லை.

(பார்த்தீர்களா, அந்த வரிக்கு இடம் இதுதான்.)

கார்டு ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் செருகியபடியே இருந்தது. கார்டு இல்லாவிட்டால் கேமரா படம் எடுக்காமல் முரண்டு பிடிக்கும்படி அக்கா வாங்கிய அன்றே மாற்றிவைத்திருந்தார். சர்வீஸில் அதைப் பழையபடி ஆக்கிவிட்டிருந்தார்கள். கடையில் ஆட்களுக்குக் காட்டுவதற்கான ஏற்பாடு அது: கார்டு இல்லாமலே அமுங்கும், படத்தைக் காட்டும், மறக்கும். தலையிலிருந்து கண்ணாடியை இறக்கி, மூலையில் மின்னிய 'கார்டு இல்லை' என்ற எழுத்தை அப்போதுதான் படித்தார்.

ஏறக்குறைய இருநூறு பேர். ஒரு முகம்கூட இல்லை. அந்தக் கையும் இல்லை.

7

இங்கே நான் மூன்று நாள் எழுதாமல் இருந்தேன். அக்கா என்ன செய்தார் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் என்னென்ன செய்திருக்கலாம் என்று எழுதிப் பார்த்தேன்.

அ. "கேமரா கெட்டுப்போச்சு" என்று சொல்லியிருக்கலாம். யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். உண்மைக்கு ஒரு முழம் பக்கத்தில்தான் அந்தப் பொய்.

ஆ. ஒன்றும் சொல்லாமல் மூட்டை கட்டிக்கொண்டு போய், மறுநாள் போனை எடுக்காமல்

இ. (இதை நான் எழுதத் தொடங்கவே இல்லை. அந்த இடத்தில் நானாக இருந்தால் ஆ-வைத்தான் செய்திருப்பேன் என்று தெரிந்ததும் பேனாவை மூடிவைத்தேன்.)

அக்கா பையிலிருந்து வேறு கார்டை எடுத்துப் போட்டார். கதவை மூடினார். நேராக நடந்து போய் ஒலிபெருக்கியை வாங்கினார். ஆட்கள் ஜூஸ் குடித்துக்கொண்டும் வாழைப்பழம் உரித்துக்கொண்டும் செருப்பைத் தேடிக்கொண்டும் இருந்தார்கள். சிலர் பஸ் நிறுத்தத்துக்கே போய்விட்டார்கள்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. நான்தான் படம் எடுக்குறவ. ஒரு மணி நேரமா உங்க யாரையும் நான் எடுக்கல. கேமராவுக்குள்ள கார்டு போடல. கேமரா மேல தப்பில்ல. நான் பார்க்கல, என் தப்பு. மதியம் அங்க நாற்காலியில உக்காந்து உங்க படத்துக்காகக் காத்திருப்பாங்க. என்கிட்ட குடுக்க ஒண்ணுமே இல்ல." ஒலிபெருக்கியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "கேக்குறதுக்கு எனக்கு வாயில்ல. முடிஞ்சவங்க மட்டும், அந்த வளைவுலேர்ந்து, இன்னொரு தடவை ஓடி வாங்க."

மயான அமைதி என்று எழுதினேன், அடித்துவிட்டேன். அமைதி இருந்தது, அவ்வளவுதான். யாரோ வாழைப்பழத்தைப் பாதி வாயில் வைத்தபடி நின்றார்.

அப்போது புல்லிலிருந்து ஒரு குரல்: "யாராச்சும் என்னைத் தூக்கி நிறுத்துங்கப்பா. நான் ஓடுறேன்."

சிறுநீரகம்தான்.

நாலு பேர் போய்த் தூக்கினார்கள். தூக்கும்போது ஒருவர், "என்னண்ணே, இவ்வளவு கனம்! உள்ள கல்லு கில்லு இருக்கா?" என்று கேட்டார். பூங்காவே சிரித்தது. அந்தச் சிரிப்பில் எல்லாம் உடைந்துவிட்டது. செருப்பைக் கண்டுபிடித்தவர்கள் அதை மறுபடி கழற்றினார்கள். ஒரு தபால்காரர் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினார். அங்கே பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் டிரைவர் கதவைத் திறந்துவிட்டு, "இறங்குங்க, நான் நிக்கிறேன்" என்றார். ஏழு பேர் இறங்கினார்கள். சும்மா போய்க்கொண்டிருந்த பயணிகளும் என்னவென்று பார்க்க இறங்கினார்கள்.

8

ஒரு சிக்கல். எல்லாரும் சேர்ந்து ஓடி வந்தால் முகம் விழாது. ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு முகம் வேண்டும். பெரிய சிஸ்டர் பட்டியலைக் கையில் எடுத்தார். "பத்துப் பத்தா வாங்க. ஒண்ணுலேர்ந்து பத்து!" வார்டில் மாத்திரை கொடுக்கும் அதே குரல். யாரும் மீறவில்லை.

நாற்பத்தொன்று ஐந்தாம் வரிசை. நூற்று எண்பத்தேழு பத்தொன்பதாம் வரிசை. கணக்கு அக்காவுக்குச் சட்டென்று புரிந்தது. இந்த முறை இரண்டு பேரும் தனித்தனியாகத்தான் வருவார்கள்.

சிஸ்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வரிசையை மாற்றியிருப்பார். அக்கா சொல்லவில்லை. "கேட்டு வாங்கினா படம் கிடைச்சிருக்கும் சார். நான் படத்துக்கா ஏங்கினேன்?" என்றார் என்னிடம்.

எழுதுகிற எனக்கு அந்தப் பயம் தெரியும். முதல் தடவை தானாக வந்த ஒரு வரி தொலைந்துபோனால், உட்கார்ந்து மறுபடி எழுதலாம். சொற்கள்கூட அதேபோல் வரலாம். உயிர் வருமா என்பது நம் கையில் இல்லை, வேண்டிக்கொள்ளத்தான் முடியும்.

முதல் பத்து வந்தது. முதல் தடவை இறுக்கமாக மூச்சு வாங்கிக்கொண்டு வந்த அதே ஆட்கள், இந்த முறை சிரித்துக்கொண்டு வந்தார்கள். பல் டாக்டர் கைகளை விரித்து விமானம்போல் வந்தார். ஒவ்வொருவரும் தன் நம்பர் துணியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து, அதில் எழுதியிருந்த வரி கேமராவுக்குத் தெரியும்படி காட்டினார்கள். அது யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. முதல் தடவை யாருக்கும் தோன்றவுமில்லை.

ஐந்தாம் வரிசை வந்தது. ஒன்பது பேர். நாற்பத்தொன்றைக் காணோம்.

அக்கா கேமராவைக் கோட்டிலிருந்து உயர்த்தி வளைவைப் பார்த்தார். தண்ணீர் மேசைக்குப் பக்கத்தில் கணவர் தரையில் உட்கார்ந்திருந்தார். குனிந்து ஷூவோடு எதையோ செய்துகொண்டிருந்தார். மயக்கமா? ஒரு கணம் அக்காவுக்கு உயிர் போய் வந்தது. பிறகு புரிந்தது. கட்டிக்கொண்டிருந்தார்.

கால் வீங்கும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவர் போடுவது ஒட்டும் பட்டை வைத்த ஷூ. அதில் கயிறே கிடையாது.

ஆறாம் வரிசை, ஏழாம் வரிசை. அவர் கட்டிக்கொண்டே இருந்தார். பன்னிரண்டு, பதினைந்து. அக்கா அழுதுகொண்டே எடுத்தார், சிரித்துக்கொண்டே எடுத்தார். ஒரு முகம் தப்பவில்லை. பத்தொன்பதாம் வரிசையைச் சிஸ்டர் கூப்பிட்டார். தம்பி கிளம்பினார். நாலடி வைத்ததும் தரையில் இருந்தவரைப் பார்த்து நின்றார். இந்தப் பேச்சையும் தண்ணீர்க்காரர்தான் சொன்னார்:

"என்னத்த அத்தான் கட்டுறீங்க?"

"கயிறு."

"எந்தக் கயிறு? அது ஒட்டுற ஷூ."

"என் ஷூ. எனக்குத் தெரியாதா?"

"எழுந்திரிங்க. போன தடவ நான் இடது பக்கம் வந்தேன், நீங்க வலது."

"கிடையவே கிடையாது. நான்தான் இடது."

"அத்தான், உங்க புதுக் கிட்னி வலது பக்கம் இருக்கு, அதுல இடிச்சிடக் கூடாதுன்னுதான் நான் இடது பக்கம் வந்தேன்!"

"அத வச்சு என்னை மடக்கப் பார்க்காத. நான் இடதுன்னா இடதுதான். பதினாலு மாசமா சீட்டத் தொடாம உனக்கு மூளை துருப்பிடிச்சுப் போச்சு."

தம்பி அப்படியே நின்றுவிட்டாராம். பிறகு, "வந்துட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாராம். அதற்கு அத்தான், "வளவளன்னு பேசாம நட. சிஸ்டர் திட்டும்" என்றாராம்.

9

இனி அந்தப் படம்.

நூற்று எண்பத்தெட்டாம் நம்பர் யார் தெரியுமா? சோபா தைப்பவர். அந்த உடையோடு அவரால் வேகமாக நடக்க முடியாது. தம்பிக்கு முன்னால் கிளம்பியவரை இரண்டு பேரும் எட்டிப் பிடித்துவிட்டார்கள். ஆளுக்கொரு பக்கமாக, அவரை முந்தாமல் அவருக்கு அரையடி பின்னால் வந்தார்கள். இடதா வலதா என்ற வழக்கு நடந்துகொண்டே இருந்தது.

ஆக, ஸ்டூடியோச் சுவரில் மாட்டியிருக்கும் படம் இது: நடுவில் ஆளுயர மெரூன் சிறுநீரகம், முகம் முழுக்கச் சிரிப்பு. அதன் இரண்டு பக்கமும் இரண்டு ஆண்கள், வாயை அகலத் திறந்து, ஒருவரையொருவர் பார்த்துக் கத்திக்கொண்டு. வெளிப்பக்கத்துக் கைகள் இரண்டும் காற்றில், விரல் நீட்டி. உள்பக்கத்துக் கைகள் இரண்டும் சிறுநீரகத்துக்குப் பின்னால்.

இதை நான் இட்டுக்கட்டியிருந்தால் நீங்கள் புத்தகத்தை மூடியிருக்க வேண்டும். இரண்டு மனிதர்களுக்கு நடுவில் இருந்த அதே பொருளைத் துணியில் தைத்து நடுவில் நிறுத்துவதா? கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா? ஆனால் சில சமயம் ஆண்டவனுக்கு நம்மைவிடக் கூச்சம் குறைவு.

அக்கா ஏழு தடவை அமுக்கினார். ஏழிலும் சிறுநீரகம் மறைக்கிறது. அடுத்த வரிசை வந்துகொண்டிருந்ததால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. முடித்துவிட்டுப் பார்த்தபோது இருவரும் ஜூஸ் மேசையில், எந்த டம்ளர் பெரிது என்று தகராறு செய்துகொண்டிருந்தார்கள்.

சோபாக்காரரிடம் நான் விசாரித்தேன். "முதுகுல எதாவது தெரிஞ்சுதா? யாராச்சும் கை கோத்த மாதிரி?"

"முதுகுல ரெண்டு முழம் பஞ்சு சார். யானை சாஞ்சாகூடத் தெரியாது."

சிஸ்டரின் பட்டியல்படி முதல் தடவை கோட்டைத் தாண்டியவர்கள் இருநூற்று ஆறு. இரண்டாம் தடவை இருநூற்று முப்பத்தொன்று. அதிகப்படி ஆட்கள் பஸ் பயணிகள். டிரைவரும் அதில் ஒருவர். நம்பர் துணி இல்லாததால் கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். மதியம் இரண்டு மணிக்குள் அத்தனை படமும் அச்சாகி வார்டுக்குப் போயிற்று. பின்னறையிலிருந்து திரையைத் தாண்டிக் குரல் கேட்டபடி இருந்ததாம்: "கறுப்புச் சட்டம்தான் எடுபடும் அத்தான்." "உனக்கு லிஃப்ட் தெரியும். சட்டம் தெரியுமா?"

ஏழாம் நாற்காலியில் கணக்கு வாத்தியார் தனக்கு வந்த படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"சிஸ்டர், இவங்க ரெண்டு பேரும் சண்டை போடுறாங்களா?"

"ஆமா சார்."

"ரொம்ப நல்லது" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் உங்களுக்கு அந்தக் கைகள் வேண்டும். எனக்கும் வேண்டும். "ரெண்டு பேர்ல ஒருத்தரக் கேட்டா தெரிஞ்சிடுமே?" என்று அக்காவிடம் கேட்டேன். "தெரிஞ்சிடும். அதான் கேக்கல" என்றார். "தெரியாத வரைக்கும் தினமும் ஒரு தடவை நான் அதப் பார்த்துக்கிறேன் சார்."

எதையும் போட்டு நிரப்ப மாட்டேன் என்று அந்த ஸ்டூலில் உட்கார்ந்து வாக்குக் கொடுத்தவன் நான். நீங்கள் கொடுக்கவில்லை. உங்களுக்கும் பேசிப் பல மாதம் ஆன ஒருவர் எங்காவது இருக்கலாம்; ஒரு வளைவில் உட்கார்ந்து, இல்லாத கயிற்றைக் கட்டிக்கொண்டு. அவரை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். வரியை நான் தொடங்கித் தருகிறேன். முடிப்பது உங்கள் பாடு.

சோபாத் துணிக்குப் பின்னால், யார் கண்ணுக்கும் படாமல், அந்த இரண்டு கைகளும்